ரோஜா மணமும் ரத்தச் சோதனைத் தாளும்: ஒவ்வாமையைக் கண்டறிந்த வரலாறு

 

சென்ற ரமளானில் ஒரு மாலை. மத்ரஸாவில் நோன்பு திறப்பதற்காகப் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னும் கஞ்சிக் கிண்ணம். 11 வயது மாணவன் ஒருவன் மட்டும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு தூணோரமாகப் போய் உட்கார்ந்தான். காரணம் கேட்டேன். "எனக்குக் கஞ்சி அலர்ஜி, ஹஜ்ரத்" என்றான்.

மறுநாள் அவனுடைய உம்மா ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார். தனியார் ஆய்வகம் ஒன்றில் எடுத்த ரத்தச் சோதனையின் முடிவு அது. பால், கோதுமை, முட்டை, இறால், தேங்காய், பாசிப்பயறு என்று 14 உணவுகளுக்கு எதிரே எண்களும், அவற்றின் பக்கத்தில் சிவப்புக் குறிகளும் இருந்தன. ஒன்றரை ஆண்டாக அந்த 14 உணவுகளும் அவன் தட்டுக்கு வரவில்லை. தேங்காய்ப்பாலும் பாசிப்பயறும் இல்லாமல் எங்கள் ஊரில் நோன்புக் கஞ்சி ஏது? பையன் மெலிந்துகொண்டே வந்ததை நாங்களும் கவனித்துத்தான் இருந்தோம். "இவற்றில் எதைச் சாப்பிட்டபோது அவனுக்கு உடம்பு தடித்தது?" என்று அந்தத் தாயிடம் தொலைபேசியில் கேட்டேன். சிறிது நேரம் பதில் இல்லை. "அப்படிக் குறிப்பாக எதுவும் ஞாபகம் இல்லை, ஹஜ்ரத். ஆனால் ரிப்போர்ட்டில் இருக்கிறதே" என்றார்.

அந்தப் பதில் எனக்கு ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சிறு நூலை நினைவூட்டியது. எழுதியவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ. இன்றைய தெஹ்ரானுக்கு அருகிலிருந்த ரய் நகரத்தில் பிறந்து, பக்தாதின் மருத்துவமனைக்குத் தலைமை வகித்து, ஹிஜ்ரி 313, அதாவது கி.பி. 925 வாக்கில் மறைந்த பேரறிஞர். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி எழுதிய அவருடைய நூலைப் பலர் அறிவார்கள். நான் சொல்வது அதைவிடச் சிறிய ஒரு நூலை. அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞருக்கு வசந்த காலத்தில் ரோஜாவை முகரும்போது மூக்கடைப்பும் நீரொழுக்கும் உண்டாவதற்கான காரணம் என்ன என்பதே அதன் தலைப்பு. தலைப்பின் நீளத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். யாருக்கு, என்ன தொல்லை, எந்தப் பருவத்தில், எதை நெருங்கும்போது என்ற நான்கு கேள்விகளுக்கும் அந்த ஒரு தலைப்பிலேயே விடை இருக்கிறது. இன்றைய ஒவ்வாமை மருத்துவர் நோயாளியிடம் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். இத்தகைய செய்திகளைப் படித்தவுடன் "அலர்ஜியைக் கண்டுபிடித்ததே முஸ்லிம்கள்தாம்" என்று பெருமையோடு பகிர்வது நம்மவர் வழக்கம். அது ராஸீக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் தம் காலத்து மருத்துவக் கொள்கையைக் கொண்டே, உடலின் நீர்மங்கள் குறித்த கோட்பாட்டைக் கொண்டே, அதற்கு விளக்கம் தேடினார். மகரந்தத்தின் பங்கை அவர் அறியவில்லை. அறிவதற்கான கருவி எதுவும் அன்று இல்லை. மேலும், ரோஜா பூச்சிகளை நம்பி வாழும் மலர். அதன் மகரந்தம் கனமானது, காற்றில் எளிதாகப் பறக்காது. எனவே பல்கீயின் மூக்கைக் கலங்கடித்தது, ரோஜா பூக்கும் அதே நாட்களில் காற்றில் மிதந்த வேறொரு புல் அல்லது மரத்தின் மகரந்தமாக இருந்திருக்கவும் கூடும். நோயாளியின் அனுபவம் துல்லியமாக இருந்தும் குற்றவாளி மாறியிருக்கலாம். அதைச் சரிபார்க்க ஒரு சோதனை தேவைப்பட்டது. அதற்கு உலகம் மேலும் 900 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

1819-இல் லண்டன் மருத்துவர் ஜான் போஸ்டாக் ஒரு மருத்துவச் சங்கத்தில் ஒரு நோயாளியின் வரலாற்றை வாசித்தார். சிறு வயதிலிருந்தே ஆண்டுதோறும் கோடையின் தொடக்கத்தில் கண் எரிச்சலும் தும்மலும் மூச்சுத் திணறலும் வந்து போகும் அந்த நோயாளி வேறு யாருமல்லர், அவரேதான். பின்னர் இதே தொல்லை உடையவர்களைத் தேடி 1828-இல் மீண்டும் எழுதினார். உலர்புல் அறுவடையே காரணம் என்று மக்கள் பேசிக்கொண்டனர். 'உலர்புல் காய்ச்சல்' என்ற பெயரும் அப்படித்தான் நிலைத்தது. போஸ்டாக் அதை ஏற்காமல் கோடை வெப்பத்தைக் காரணமாகக் கருதினார். பாமர மக்களின் ஊகம் உண்மைக்கு அருகில் இருக்க, படித்த மருத்துவர் விலகிப் போன இடம் இது.

விடையைக் கண்டவர் மான்செஸ்டர் நகரத்துச் சார்லஸ் பிளாக்லி. அவரும் அதே நோயால் வருந்தியவர். வெப்பம், தூசி, மணம், ஒளி என்று மற்றவர்கள் குற்றம் சாட்டிய ஒவ்வொன்றையும் தம் உடல் மீதே சோதித்து விலக்கினார். பிறகு புல்லின் மகரந்தத்தை எடுத்தார். மூக்கில் வைத்தார், தும்மல் வந்தது. கண்ணில் வைத்தார், கண் சிவந்து வீங்கியது. தோலை இலேசாகச் சுரண்டி அதன் மேல் மகரந்தத்தை ஈரத்துணியால் வைத்துக் கட்டினார். சற்று நேரத்தில் அந்த இடம் அரித்துத் தடித்தது. இன்று மருத்துவமனைகளில் செய்யப்படும் தோல் சோதனையின் தாய் வடிவம் அதுதான். அவர் அத்துடனும் நிற்கவில்லை. பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் ஒட்டிய மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் எண்ணினார். காற்றாடிகளில் கண்ணாடியைக் கட்டி 1000 அடிக்கும் மேலே பறக்கவிட்டு, அங்கும் மகரந்தம் இருப்பதைக் காட்டினார். துகள்களின் எண்ணிக்கை கூடிய நாட்களில் தம் தும்மலும் கூடியதைக் குறித்துவைத்து, 1873-இல் நூலாக வெளியிட்டார். நோயாளியின் அனுபவமும் சோதனையும் முதன்முறையாக ஒன்றையொன்று சரிபார்த்தது அந்த நூலில்தான் என்பது என் எண்ணம்.

1895-இல் ஜோசப் யாடாசோன் என்ற தோல் மருத்துவர் வேறொரு வகைச் சோதனையை அறிமுகப்படுத்தினார். பாதரச மருந்தால் தோல் புண்ணானவர்களின் நல்ல தோலில் அதே பொருளை ஒட்டிவைத்து, அங்கும் புண் தோன்றுவதைக் காட்டினார். இந்த ஒட்டுச் சோதனை இன்றும் வழக்கில் உள்ளது. சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, மேலும் ஓரிரு நாட்கள் கழித்தும் பார்ப்பார்கள். தொட்ட உடனே வராமல் நாள் கடந்து வரும் தோல் அழற்சிக்கு இதுவே வழி. போலி நகையின் நிக்கல், தலைமுடிச் சாயத்தின் ரசாயனம் ஆகியவை இப்படித்தான் பிடிபடுகின்றன. பெருநாளைக்குப் பிள்ளைகளின் கைகளில் 'கறுப்பு மருதாணி' இடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். உண்மையான மருதாணி செம்பழுப்பாகத்தான் சிவக்கும். கரிய நிறத்திற்காகக் கலக்கப்படுவது பெரும்பாலும் அந்த முடிச்சாய ரசாயனமே. ஒருமுறை கொப்பளித்த பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் முடிச்சாயம் ஆகாமல் போகலாம்.

அடுத்த திருப்பம் கடலில் நிகழ்ந்தது. 1901-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் பயணம் செய்த சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள், கடலில் மிதக்கும் நச்சுயிரி ஒன்றின் விஷத்தை ஆராய்ந்தார்கள். பாரிஸ் திரும்பியதும் கடல் சாமந்தியின் விஷத்தை எடுத்து நாய்களுக்குச் செலுத்தினார்கள். சிறு அளவில் முன்கூட்டியே கொடுத்தால் உடல் பழகிக் காப்புப் பெறும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியை எளிதாகத் தாங்கிக்கொண்டது. சில வாரங்கள் கழித்து அதே சிறு அளவை மீண்டும் செலுத்தியபோது, மூச்சுத் திணறி விழுந்து 25 நிமிடங்களில் இறந்தது. காப்பு தேடிப் போனவர்கள் காப்பின் எதிரியைக் கண்டார்கள். அதற்கு ரிஷே 'அனாபிலாக்ஸிஸ்' என்று பெயரிட்டார். 1913-இல் நோபல் பரிசும் பெற்றார். வேர்க்கடலையோ தேனீக் கொட்டோ ஊசி மருந்தோ சிலரைச் சில நிமிடங்களில் சாய்த்துவிடுவது இதனால்தான். ஒவ்வாமையை 'வெறும் அரிப்பு' என்று நினைப்போர் அந்த 25 நிமிடங்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

'அலர்ஜி' என்ற சொல்லே 1906-இல்தான் பிறந்தது. சீரம் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் சிலருக்கு நோய் தீர்வதற்குப் பதிலாகக் காய்ச்சலும் தடிப்பும் வருவதைக் கண்ட வியன்னா மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்க்கே, 'வேறு', 'செயல்' என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதை உருவாக்கினார். மாறிய எதிர்வினை என்பது கருத்து. உடலுக்குள் எது மாறியது என்பது அவருக்கும் தெரியாது.

அது ரத்தத்தில் இருக்கிறது என்று காட்டியது 1921-இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரத்தில் நடந்த ஒரு விந்தையான சோதனை. ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற மருத்துவருக்குச் சமைத்த மீன் ஆகாது. அவருடைய சக ஆய்வாளர் கார்ல் பிரவுஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொல்லையும் இல்லை. கூஸ்ட்னரின் சீரத்தைச் சோதனைக் குழாயில் மீன் சாற்றோடு கலந்து பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்தச் சீரத்தில் சிறிதளவை பிரவுஸ்னிட்ஸ் தம் வயிற்றுத் தோலில் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது, வாழ்நாள் முழுவதும் மீன் உண்டு வந்தவரின் தோல் தடித்து அரித்தது! ஒருவருடைய ஒவ்வாமை இன்னொருவரின் தோலில் ஓர் அங்குல இடத்திற்குக் குடியேறிவிட்டது. பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் இதையே சோதனை முறையாகவும் பயன்படுத்தினார்கள். ரத்தத்தின் வழியே மஞ்சள் காமாலைக் கிருமி பரவும் என்ற அச்சம் வந்த பிறகே அது கைவிடப்பட்டது.

அந்த மர்மப் பொருள் பிடிபட மேலும் 45 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிஸாகாவும் அவர் மனைவி தெருகோ இஷிஸாகாவும் 1966-இல் அதைப் பிரித்துக் காட்டினார்கள். அதே காலத்தில் சுவீடனின் உப்சாலா நகரத்தில் யோஹான்சன், பென்னிக் என்ற இருவரும் தனி வழியில் அதையே கண்டார்கள். 1968-இல் அதற்கு 'ஐஜிஇ' என்ற பெயர் உறுதியானது. ரத்தத்தின் எதிர்ப்புரதங்களில் மிக மிகச் சிறிய பங்கே அது. ஆனால் தோலிலும் மூக்கிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் அது ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. தனக்குரிய பொருள் வந்து தொட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. தடிப்பு, தும்மல், இளைப்பு எல்லாம் அதன் விளைவுகள். ஐஜிஇ கண்டறியப்பட்டவுடனே, ஒவ்வொரு பொருளுக்கும் எதிராக அது எவ்வளவு இருக்கிறது என்று ரத்தத்தில் அளக்கும் முறையும் 1967-இல் உப்சாலாவிலிருந்தே வந்தது.

எங்கள் மாணவன் வைத்திருந்த தாள் அந்த உப்சாலா முறையின் பேரப்பிள்ளை.

அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது: இந்தப் பொருளை அடையாளம் காணும் ஐஜிஇ இவன் ரத்தத்தில் உண்டா? 'உண்டால் இவனுக்குத் தீங்கு வருமா?' என்பது வேறு கேள்வி. ரத்தத்தில் ஐஜிஇ இருந்தும் அந்த உணவை நாள்தோறும் நலமாக உண்போர் ஏராளம். இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தலையணையிலும் மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசிப்பூச்சி வாழ்கிறது. அதன் தசையிலுள்ள ஒரு புரதம் இறாலின் தசைப் புரதத்தைப் பெரிதும் ஒத்திருக்கிறது. தூசிப்பூச்சியால் காலையில் தும்முகிற பிள்ளையின் ரத்தம், இறாலுக்கும் சிவப்புக் குறி காட்டக்கூடும். அவன் இறால் சோற்றை ஆசையோடு தின்றுகொண்டிருப்பவனாகவும் இருக்கலாம். தோல் சோதனைக்கும் இதே வரம்பு உண்டு. முன்கையில் ஒரு துளிச் சாற்றை வைத்து, அதன் வழியே நுனி ஊசியால் இலேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடங்கள் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். பக்கத்திலேயே வெறும் உப்புநீரும் ஹிஸ்டமினும் ஒப்பீட்டுக்காக வைக்கப்படும். உப்புநீரை விட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால்தான் கணக்கு. சில நாட்களுக்கு முன்பே அரிப்பு மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருக்கும் ஒவ்வாமையும் தெரியாது.

அப்படியானால் உறுதி எப்படி? 1976-இல் டென்வரைச் சேர்ந்த சார்லஸ் மே என்ற குழந்தை மருத்துவர் ஒரு வழி காட்டினார். சந்தேக உணவை மறைத்துக் கொடுப்பது. இன்னொரு வேளை அது இல்லாத வெற்று உணவைக் கொடுப்பது. எது எதுவென்று பிள்ளைக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. அவ்வாறு சோதித்தபோது, சந்தேகிக்கப்பட்ட பல உணவுகள் குற்றமற்றவை என்று தெரிய வந்தது. இன்றும் உணவு ஒவ்வாமைக்கு இறுதித் தீர்ப்பு இதுவே. எல்லாருக்கும் இவ்வளவு கடுமையாகச் செய்வதில்லை. மறைக்காமலே சிறு அளவிலிருந்து படிப்படியாகக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் அட்ரினலின் ஊசியும் பயிற்சி பெற்றவர்களும் உள்ள மருத்துவமனையில்தான் அதைச் செய்ய வேண்டும். இக்கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் முயல வேண்டாம் என்று அல்லாஹ்வுக்காகக் கேட்டுக்கொள்கிறேன். நான் மருத்துவன் அல்லன். நெப்டியூனின் கதையை மேலே எழுதியதும் இதற்காகத்தான்.

'தவிர்த்துவிட்டால் என்ன நஷ்டம்? எச்சரிக்கைதானே?' என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். லண்டனில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஓர் ஆய்வு அதை மாற்றியது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சிறு வயதிலிருந்தே வேர்க்கடலை உணவு கொடுத்தார்கள். மறு பிரிவுக்கு முற்றிலும் விலக்கினார்கள். ஐந்து வயதில் பார்த்தால், விலக்கிய பிரிவில்தான் வேர்க்கடலை ஒவ்வாமை பல மடங்கு அதிகம். உண்ணும் உணவுக்கு உடல் பழகுகிறது. காரணமின்றி நீண்ட காலம் விலக்கினால் அந்தப் பழக்கம் போய், முன்பு இல்லாத ஒவ்வாமை புதிதாக வரவும் இடமுண்டு. ஊட்டக் குறைவு தனி நஷ்டம். மருந்திலும் இதே கதைதான். 'பெனிசிலின் ஆகாது' என்று சீட்டில் எழுதப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது ஒத்துக்கொள்கிறது. சிறு வயதில் காய்ச்சலோடு வந்த ஒரு தடிப்பு, முதுமை வரை அவர்கள் சீட்டில் நின்றுவிடுகிறது.

இவற்றோடு, 'ஐஜிஜி' என்ற வேறோர் எதிர்ப்புரதத்தை அளந்துவிட்டு நூறு உணவுகளுக்குப் பட்டியல் தரும் சோதனைகளும் இப்போது விற்கப்படுகின்றன. ஒருவர் ஓர் உணவை உண்டு பழகியிருக்கிறார் என்பதையே அது பெரும்பாலும் காட்டும். ஒவ்வாமை மருத்துவர்களின் ஐரோப்பிய அமைப்பு, இதை நோய் அறிவதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று 2008-லேயே கூறிவிட்டது. பணத்தைச் செலவழித்துப் பசியை வாங்கிக்கொள்வது என்று இதை நான் சொல்வேன்.

ஷவ்வால் பிறந்ததும் அந்தத் தாய் மகனை ஓர் ஒவ்வாமை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். நானும் உடன் சென்றேன். முதல் முக்கால் மணி நேரம் அந்த மருத்துவர் ஊசியைத் தொடவே இல்லை, கேள்விகள்தாம் கேட்டார். தடிப்பு எப்போது தொடங்கியது? அதற்கு முன் காய்ச்சல் வந்ததா? சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில்? அதே உணவை மறுமுறை தின்றபோதும் வந்ததா? ஒன்றும் தின்னாமல் வந்ததுண்டா? தும்மல் எந்த நேரத்தில்? அவன் எதன் மேல் படுத்து உறங்குகிறான்? கேள்விகள் வர வர அந்தத் தாய்க்குத் தாமே மறந்திருந்தவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தடிப்பு ஒரு காய்ச்சலுக்குப் பின் தொடங்கியது. நோன்பு வைத்த பகல்களிலும் வந்தது. பாலும் பயறும் தேங்காயும் அதற்கு முன் ஒன்பது ஆண்டுகளாக அவன் உண்டு வளர்ந்தவையே. உணவு ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள், உண்ணும் ஒவ்வொரு முறையும் வர வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். உணவில்லாமலே வந்து போகும் காணாக்கடி அது என்றார். தோல் சோதனையில் தூசிப்பூச்சிக்கு மட்டும் பெரிய தடிப்பு எழுந்தது; காலைத் தும்மலுக்கு அது பொருந்தியது.

கஞ்சியின் பொருட்களையும் பாலையும் கோதுமையையும் அன்றே திரும்பக் கொடுக்கச் சொன்னார். பட்டியலிலிருந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாக விடுவித்தார். ரத்தத்தில் எண் சற்று உயர்ந்திருந்த முட்டையை மருத்துவமனையிலேயே சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை. இறாலுக்கான நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. பையன்தான் வாரம் ஒருமுறை என்னிடம் வந்து, "ஹஜ்ரத், எப்போது?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.